பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு கணக்கு நோட்டு

குழந்தைகள் காப்பகம் நடத்துவது ஒரு தொழில். இதற்குப் பெரிய முதல் வேண்டாம். ஓர் அறை வேண்டும். பாய், பாத்திரம், கொஞ்சம் விளையாட்டுச் சாமான் வேண்டும். அன்பும் பொறுமையும் உள்ள ஒரு பெண் வேண்டும். இவை இருந்தால் தொடங்கிவிடலாம்.

தேவையும் நிறைய இருக்கிறது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த குடும்பங்களில் பாட்டி கூட இருப்பதில்லை. பாட்டி ஊரில் இருக்கிறார். தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? சில வீடுகளில் மூத்த மகளின் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். சில வீடுகளில் பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டும் கெடுதல். அதனால்தான் பக்கத்துத் தெருவில் ஒரு காப்பகம் வந்தால் தாய்மார் தேடி வருகிறார்கள்.

ஆனாலும் சில காப்பகங்கள் சீக்கிரமே மூடப்படுகின்றன. அறை நிறையப் பிள்ளைகள் இருக்கும்போதே மூடப்படுகின்றன. நடத்திய பெண் கடனாளி ஆகிவிடுகிறார். தாய்மார் வேலையை விட வேண்டி வருகிறது. பிள்ளைகள் மறுபடியும் பூட்டிய வீட்டுக்குள் போகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

மாதக் கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு?

பெங்களூரு நகரத்தின் ஓரத்தில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். அங்கே கட்டட வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அடுக்குமாடி வீடுகளில் வீட்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். துணி தைக்கும் ஆலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் ஒரு பெண் காப்பகம் நடத்துகிறார். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அக்காவிடம் 12 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாதம் 1,500 ரூபாய் கட்டணம். 12 பிள்ளைகளுக்கு 18,000 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. "உட்கார்ந்த இடத்திலேயே 18,000 ரூபாய் சம்பாதிக்கிறாங்க" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

இனிச் செலவைப் பார்ப்போம். அறைக்கு வாடகை 4,500. அரை நாள் வந்து உதவி செய்யும் பெண்ணுக்குச் சம்பளம் 5,000. கரண்டுக்கும் தண்ணீருக்கும் 700. கேஸுக்கு 400. சோப்பு, பினாயில், துடைக்கும் துணி, மருந்துப் பெட்டி இவற்றுக்கு 500. பாய் கிழியும், பாத்திரம் நசுங்கும், பொம்மை உடையும். அதற்காக மாதம் 400 எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் 11,500 ரூபாய்.

இந்த 11,500 ரூபாய்க்கு ஒரு குணம் உண்டு. பிள்ளைகள் 12 பேர் வந்தாலும் இதே செலவு. 6 பேர் வந்தாலும் இதே செலவு. வீட்டுக்காரர் பிள்ளைகளை எண்ணி வாடகை வாங்குவதில்லை. இதை நிலையான செலவு என்பார்கள்.

இன்னொரு வகைச் செலவு உண்டு. அது பிள்ளைக்குப் பிள்ளை கூடும். மதியச் சாப்பாட்டைத் தாய்மார் டப்பாவில் கொடுத்து அனுப்புகிறார்கள். காலையில் பால், மாலையில் சுண்டல் அல்லது வாழைப்பழம், வாரத்தில் 2 நாள் முட்டை. இவற்றை அக்கா தருகிறார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 16 ரூபாய் ஆகிறது. மாதம் 25 நாள். 25 நாளுக்கு 400 ரூபாய். 12 பிள்ளைகளுக்கு 4,800 ரூபாய்.

இரண்டு செலவையும் கூட்டுவோம். 11,500-உம் 4,800-உம் சேர்ந்து 16,300 ரூபாய். வரவு 18,000. மிச்சம் 1,700 ரூபாய்.

இதை 25 நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 68 ரூபாய். அக்கா காலை 8 மணிக்குக் கதவைத் திறக்கிறார். மாலை 6 மணிக்கு மூடுகிறார். பத்து மணி நேர வேலைக்குக் கூலி 68 ரூபாய்! அரை நாள் வரும் உதவிப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் கிடைக்கிறது. முதலாளி என்று பெயர் வாங்கியவருக்கு அதில் பாதி கூட இல்லை.

இதில் தவறு எங்கே? அக்கா தன் கூலியைச் செலவில் எழுதவே இல்லை. "என் வேலைதானே, அதுக்கு என்ன கூலி?" என்று விட்டுவிட்டார். வீட்டில் பெண்கள் செய்யும் வேலைக்கு யாரும் கூலி எழுதுவதில்லை. அந்தப் பழக்கம் தொழிலுக்குள்ளும் வந்துவிடுகிறது. காப்பகக் கணக்கில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு இதுதான்.

எத்தனை பிள்ளைகள் இருந்தால் கட்டும்?

ஒரு பிள்ளை 1,500 ரூபாய் தருகிறது. அதில் 400 ரூபாய் அந்தப் பிள்ளையின் பாலுக்கும் பழத்துக்கும் போகிறது. மீதி 1,100 ரூபாய்தான் வாடகைக்கும் சம்பளத்துக்கும் உதவும்.

நிலையான செலவு 11,500. பத்துப் பிள்ளைகள் இருந்தால் 11,000 ரூபாய் கிடைக்கும். 500 ரூபாய் கைநஷ்டம். 11 பிள்ளைகள் இருந்தால் 12,100 கிடைக்கும். 600 மிஞ்சும். ஆக, 11 பிள்ளைகள் இருந்தால்தான் நஷ்டம் இல்லாமல் கதவைத் திறந்து வைக்கலாம். அதுவும் அக்காவுக்குக் கூலி இல்லாமல்.

அக்கா தனக்கு மாதம் 7,000 ரூபாய் கூலி எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? நிலையான செலவு 18,500 ஆகும். அதற்கு 17 பிள்ளைகள் வேண்டும்.

"அப்போ இன்னும் 5 பிள்ளைகளைச் சேர்த்துக்கலாமே" என்று தோன்றும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கேதான் சிக்கல் வருகிறது. 17 பிள்ளைகளுக்கு அரை நாள் உதவியாள் போதாது. அதில் நாலு பேர் கைக்குழந்தைகள் என்றால் நிச்சயமாகப் போதாது. ஒரு பிள்ளைக்குக் கால் கழுவும்போது இன்னொரு பிள்ளை வாசலுக்குப் போய்விடும். முழு நாள் உதவியாள் வைத்தால் இன்னும் 5,000 ரூபாய் செலவு. அப்போது 17 போதாது, 22 பிள்ளைகள் வேண்டும். அந்தச் சின்ன அறையில் 22 பிள்ளைகளைப் படுக்க வைக்க இடம் ஏது?

அரசுத் திட்டங்களிலும் இதற்கு ஓர் அளவு உண்டு. மத்திய அரசின் தேசியக் காப்பகத் திட்டத்தில் ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள் என்று வைத்தார்கள். அவர்களைப் பார்க்க ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று இரண்டு பேர். தெருக் காப்பகத்தில் இரண்டு பேரும் முழு நேரம் இல்லையென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதற்குத் தக்கபடி குறைய வேண்டும்.

எனவே பிள்ளைகளைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. செலவைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. பாலில் தண்ணீர் சேர்த்தால் மாதம் சில நூறு மிஞ்சலாம். ஆனால் அது பிள்ளையின் எலும்பிலிருந்து எடுத்த காசு. பினாயிலைக் குறைத்தால் வயிற்றுப்போக்கு வரும். ஒரு பிள்ளைக்கு வந்தால் நாலு பிள்ளைகளுக்குப் பரவும். நாலு தாய்மார் வேலைக்குப் போக முடியாது. பயறு, கடலை, சோப்பு இவற்றை மாதத்துக்கு ஒருமுறை மொத்தக் கடையில் வாங்கலாம். அதில் கொஞ்சம் மிச்சப்படும். அந்த அளவுதான்.

மீதி இருப்பது கட்டணம். கட்டணம் 1,800 ஆனால் ஒரு பிள்ளையிடமிருந்து 1,400 ரூபாய் நிற்கும். 14 பிள்ளைகள் இருந்தால் 19,600 ரூபாய். அக்காவின் கூலியோடு சேர்த்து நிலையான செலவு 18,500. அது போக 1,100 ரூபாய் மிஞ்சும். அரை நாள் உதவியாளை வைத்தே 14 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், கைக்குழந்தைகள் குறைவாக இருந்தால்.

தாய்மார் கூட்டம்

கட்டணத்தைக் கூட்டுவது எளிதா? தாய்மாரும் கஷ்டப்படுகிறவர்கள்தான். ஒரு நாள் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "அடுத்த மாசத்திலிருந்து 300 ரூபாய் கூட" என்று சொன்னால் சண்டைதான் வரும்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாய்மாரைக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். விஷயத்தைச் சொன்னார்.

கட்டட வேலைக்குப் போகும் பெண் கேட்டார்: "திடீர்னு 300 ரூபாய் கூட்டினா நாங்க எங்கக்கா போவோம்? அரிசி விலை ஏறிப் போச்சு. வாடகையும் ஏறிப் போச்சு."

அக்கா பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்துத் தரையில் விரித்தார். "நீங்களே படிங்கம்மா" என்றார்.

தையல் ஆலைக்குப் போகும் பெண் எழுத்துக்கூட்டிப் படித்தார். வாடகை, சம்பளம், கரண்டு, பால் எல்லாவற்றையும் படித்தார். கடைசி வரியில் 1,700 என்று இருந்தது.

"இது என்னக்கா?"

"இதுதான் எனக்கு நிக்கிறது."

"ஒரு மாசத்துக்கா?"

"ஒரு மாசத்துக்குத்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வீட்டு வேலை செய்யும் பெண் சொன்னார்: "நான் ஒரு வீட்டுல பாத்திரம் மட்டும் கழுவினாலே இதைவிடக் கூட வாங்குறேனே."

அன்று ஒரேயடியாக 300 கூட்டவில்லை. அடுத்த மாதம் 200, மூன்று மாதம் கழித்து 100 என்று பேசி முடித்தார்கள். 300 ரூபாய் என்பது வேலை நாளுக்கு 12 ரூபாய். காப்பகம் மூடினால் தாய்க்கு ஒரு நாள் கூலியே போய்விடும். அது அவர்களுக்கும் தெரியும்.

கணக்கை மறைத்து வைத்தால் சந்தேகம் வரும். திறந்து காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல முடியாது. ஒன்றிரண்டு பேர் பிள்ளையை நிறுத்தவும் செய்வார்கள். அதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய்க்குக் கணவர் இல்லை. அவரால் 1,000 ரூபாய்க்கு மேல் முடியாது. அக்கா சரி என்றார். அது அவருடைய மனசு. ஆனால் நோட்டில் "சலுகை 800" என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த 800 ரூபாய் எங்கே போனது என்று மாதக் கடைசியில் தேட வேண்டி வரும். எழுதி வைத்தால் இத்தனை பேருக்குத்தான் சலுகை தர முடியும் என்பதும் தெரியும். ஒருவருக்கு முடியும். நாலு பேருக்கு முடியாது.

பிள்ளை வராத நாளுக்குப் பணம் எதற்கு?

தாய்மார் எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி இது. "பத்து நாள் ஊருக்குப் போயிட்டோம். பத்து நாள் காசைக் கழிச்சுக்குங்க அக்கா."

கேட்பது நியாயம் போலத் தோன்றும். 1,500 ரூபாயை 25 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 60 ரூபாய். பத்து நாளுக்கு 600 ரூபாய். ஆனால் பிள்ளை வராததால் அக்காவுக்கு மிச்சமானது எவ்வளவு? பாலும் பழமும்தான். நாளுக்கு 16 ரூபாய், பத்து நாளுக்கு 160 ரூபாய். 600 ரூபாயைக் கழித்தால் அக்காவுக்கு 440 ரூபாய் நஷ்டம். வாடகை குறையவில்லை. உதவிப் பெண்ணின் சம்பளம் குறையவில்லை. அந்தப் பிள்ளையின் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. அது திரும்பி வரும்.

ஆகவே சாப்பாட்டுச் செலவை மட்டும் கழித்துத் தருவது இரண்டு பேருக்கும் பொருந்தும். சேரும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் எவ்வளவு, எந்த நாளில் தர வேண்டும், லீவு நாளுக்கு என்ன, மாலையில் பிள்ளையை அழைத்துப் போக நேரமானால் என்ன, நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கட்டும்.

பணம் வரும் நாள்

கட்டணத்தை மாதம் 5-ஆம் தேதி தர வேண்டும் என்று அக்கா முதலில் சட்டம் போட்டிருந்தார். பாதிப் பேர் தரவில்லை. அவர்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. அந்தத் தேதியில் கையில் பணம் இல்லை.

கட்டட வேலைக்கு வாரக் கூலி. சனிக்கிழமை மாலையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதி செலவாகிவிடும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு மாதத் தொடக்கத்தில் சம்பளம். ஆலைச் சம்பளம் இன்னும் சில நாள் கழித்து வரும். மூன்று வகைத் தாய்மாருக்கு ஒரே தேதி சரிப்படாது.

அக்கா மாற்றிக்கொண்டார். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் மாதத்தில் முதல் 4 சனிக்கிழமைகளில் 375 ரூபாய் வீதம் தரலாம். நான்கு வாரத்தில் 1,500 ஆகிவிடும். மற்றவர்கள் சம்பளம் வாங்கிய மறுநாள் தரலாம். பாக்கி பெரும் அளவு குறைந்தது.

பாக்கியைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. மூன்று தாய்மார் இரண்டு மாதம் தரவில்லை என்றால் பாக்கி 9,000 ரூபாய். வீட்டுக்காரர் வாடகைக்குக் காத்திருக்க மாட்டார். அக்கா கைமாற்று வாங்குவார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி என்றால் 9,000 ரூபாய்க்கு மாதம் 270 ரூபாய் வட்டி. ஒரு வருடத்தில் 3,240 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். ஒரு பிள்ளையின் இரண்டு மாதக் கட்டணத்துக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. அந்தப் பிள்ளையை இரண்டு மாதம் சும்மா பார்த்துக்கொண்டது போல ஆகிறது.

பாக்கி ஒரு மாதத்தைத் தாண்டும் முன்பே பேச வேண்டும். வாசலில் நாலு பேர் எதிரில் கேட்கக் கூடாது. தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, இந்த வாரம் எவ்வளவு முடியும்?" என்று கேட்க வேண்டும். நூறு ரூபாய் தந்தாலும் வாங்கி, எழுதி, ரசீது தர வேண்டும்.

சில காப்பகங்களில் சேரும்போது அரை மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பணம் வரவு இல்லை. பிள்ளை நிற்கும்போது திருப்பித் தர வேண்டிய பணம். ஒரு பிள்ளைக்கு 750 ரூபாய் என்றால் 12 பிள்ளைகளுக்கு 9,000 ரூபாய். கையில் 9,000 இருக்கிறது என்று டிவி வாங்கிவிட்டால், மே மாதம் நாலு பிள்ளைகள் நிற்கும்போது எங்கே போவது?

இரண்டு டப்பா

அக்காவின் வீட்டில் ஒரு டப்பா இருந்தது. கட்டணப் பணமும் அதில்தான். கணவர் தரும் வீட்டுச் செலவுப் பணமும் அதில்தான். மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் நோட்டு வாங்க அதிலிருந்து எடுத்தார். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத அதிலிருந்து எடுத்தார். பிறகு பால்காரர் வந்தபோது டப்பா காலி. காப்பகத்தில் நஷ்டமா, வீட்டில் செலவு கூடிப் போச்சா? அவருக்கே தெரியவில்லை.

இப்போது இரண்டு டப்பா. ஒன்று வீட்டுக்கு, ஒன்று காப்பகத்துக்கு. மாதக் கடைசியில் காப்பக டப்பாவிலிருந்து தன் கூலியை எடுத்து வீட்டு டப்பாவில் போடுகிறார். அவசரம் என்று நடுவில் எடுத்தால் "முன்கூலி" என்று எழுதிவிடுகிறார்.

நோட்டில் ஐந்து கட்டம். தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு. ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். நேற்று இருப்பு 640 ரூபாய். இன்று இரண்டு தாய்மார் 375 வீதம் தந்தார்கள். வரவு 750. பால் 92, வாழைப்பழம் 60. செலவு 152. இருப்பு 1,238 ஆக இருக்க வேண்டும். மாலையில் டப்பாவை எண்ணினால் 1,178 தான் இருக்கிறது. 60 ரூபாய் எங்கே? யோசித்தால் நினைவு வருகிறது. மதியம் உதவிப் பெண்ணிடம் சோப்பு வாங்கக் கொடுத்தது! அன்றே எண்ணியதால் நினைவு வந்தது. பத்து நாள் கழித்து எண்ணினால் வந்திருக்காது. உதவிப் பெண்ணின் மேல் வீணாகச் சந்தேகப்பட நேர்ந்திருக்கும்.

இப்போது பலர் போனில் பணம் அனுப்புகிறார்கள். நல்ல வசதி. ஆனால் அந்தப் பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் போன் கணவருடையது, கணக்கும் அவருடையது. உழைத்த பணம் எவ்வளவு வந்தது என்று உழைத்தவருக்கே தெரிவதில்லை. காப்பகம் நடத்தும் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். 2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் இருப்புத் தொகை இல்லாமலே கணக்குத் திறக்கலாம். போனில் வந்த பணத்தையும் நோட்டில் எழுத வேண்டும். "அனுப்பிட்டேன் அக்கா" என்று யாராவது தன் போனைக் காட்டினால் போதாது. நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.

இன்னொரு சின்ன ஏற்பாடும் உண்டு. ஓர் உறையில் 1,000 ரூபாய் போட்டு மருந்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பிள்ளை விழுந்து அடிபட்டால் ஆட்டோவுக்கும் மருத்துவருக்கும் உடனே பணம் வேண்டும். அந்த உறையை வேறு எதற்கும் தொடக்கூடாது.

தாய் மட்டும்தான் தர வேண்டுமா?

ஏழைத் தாய்மாரின் கட்டணத்தை வைத்து மட்டும் நல்ல காப்பகம் நடத்துவது கடினம். இது பல வருட அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

1969-இல் தில்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில் பிள்ளைகள் மண்ணில் கிடப்பதை மீரா மகாதேவன் என்ற பெண்மணி பார்த்தார். அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். அதுதான் "மொபைல் கிரெச்சஸ்" என்ற அமைப்பாக வளர்ந்தது. கட்டடம் முடிந்ததும் தொழிலாளர்கள் அடுத்த இடத்துக்குப் போவார்கள். காப்பகமும் கூடவே போகும். கூலிக்காரத் தாயால் முழுச் செலவையும் தர முடியாது. வேலை வாங்கும் கட்டட முதலாளியும் பங்கு தர வேண்டும் என்று அந்த அமைப்பு கேட்டது.

குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில் இன்னொரு வழி பிறந்தது. அங்கே 1972-இல் இளா பட் அம்மையார் "சேவா" சங்கத்தைத் தொடங்கினார். அது சொந்தமாகத் தொழில் செய்யும் ஏழைப் பெண்களின் சங்கம். 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியையே தொடங்கினார்கள். 1986-இல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் சேர்ந்து "சங்கினி" என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதில் வேலை செய்பவர்களே பங்குதாரர்கள். தாய்மார் கட்டணம் தருகிறார்கள். ஆனால் அது முழுச் செலவுக்கும் போதாது. வெளியிலிருந்தும் உதவி தேட வேண்டியிருக்கிறது. தனியாகக் கஷ்டப்படுவதைவிட நாலைந்து காப்பகங்கள் சேர்ந்தால் சாமான் மொத்தமாக வாங்கலாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சட்டமும் கொஞ்சம் துணை இருக்கிறது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே எண்ணிக்கைதான். அந்த முதலாளி சொந்தமாகத்தான் காப்பகம் நடத்த வேண்டும் என்பது இல்லை. வெளியில் உள்ள பொதுவான காப்பகத்தோடு சேர்ந்தும் நடத்தலாம். தெருவில் உள்ள தாய்மார் பலர் ஒரே ஆலையில் வேலை செய்தால், அவர்களும் அக்காவும் சேர்ந்து ஆலை அதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம். கணக்கு நோட்டு ஒழுங்காக இருந்தால் பேசுவது சுலபம்.

அங்கன்வாடியையும் மறக்கக் கூடாது. 1975-இல் தொடங்கிய திட்டம் அது. அங்கே சத்துணவும் தடுப்பூசி உதவியும் இலவசம். பெரும்பாலான அங்கன்வாடிகளில் நேரம்தான் குறைவு. மாலை வரை வேலை செய்யும் தாய்க்கு அது போதாது. 2022 முதல் "பால்னா" என்ற திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகமும் சேர்த்து நடத்த மத்திய அரசு உதவுகிறது. பக்கத்து அங்கன்வாடியில் அந்த வசதி வந்திருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வயது தாண்டிய பிள்ளைகள் காலையில் அங்கன்வாடிக்குப் போய்விட்டு மதியம் காப்பகத்துக்கு வரலாம். அவர்களுக்குக் கட்டணம் குறைவாக வைக்கலாம். அக்காவின் வேலையும் கொஞ்சம் குறையும்.

கடன் வேண்டும் என்றால் வட்டிக்காரரிடம் போகும் முன் சுய உதவிக் குழுவில் கேட்கலாம். வங்கியில் முத்ரா கடன் உண்டு. 2015-இல் வந்தது. அதில் "சிசு" என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கேட்கலாம். வாடகை பாக்கிக்குக் கடன் வாங்கினால் அது வளராது, கரைந்துதான் போகும். கழிப்பறை கட்ட, அறையைப் பெரிதாக்க வாங்கினால் அதனால் பிள்ளைகள் கூடலாம்.

மெலிந்த மாதங்கள்

காப்பகத்தில் எல்லா மாதமும் ஒன்று போல இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் குடும்பங்கள் ஊருக்குப் போகும். மழை தொடங்கினால் ராய்ச்சூர், கலபுரகிப் பக்கம் நிலம் உள்ளவர்கள் விதைக்கப் போவார்கள். தசராவுக்கும் தீபாவளிக்கும் பத்து நாள் அறை வெறிச்சோடும். பள்ளி திறந்ததும் பெரிய பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

இந்த மாதங்களுக்காக நல்ல மாதத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். மாதம் 1,100 ரூபாய் மிஞ்சினால் அதைத் தனியாக வங்கியில் போடலாம். ஒரு மாத நிலையான செலவு 11,500 ரூபாய். அந்த அளவு சேர 11 மாதம் ஆகும். முதல் வருடத்தில் கஷ்டம்தான். சேர்ந்த பிறகு, நாலு பிள்ளைகள் ஒரே மாதத்தில் நின்றாலும் வாடகைக்குக் கைமாற்று வாங்க வேண்டாம்.

அக்கா பிப்ரவரி மாதத்திலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதுகிறார். வரும் ஜூனில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் யார் யார்? இந்த வருடம் 5 பேர். 14-இல் 5 போனால் 9. ஒன்பது பேரை வைத்து அக்காவின் கூலியோடு சேர்ந்த செலவைக் கட்ட முடியாது. அதனால் மார்ச் மாதமே தெருக் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் சொல்லி வைக்கிறார். அங்கன்வாடி டீச்சரிடமும் சொல்கிறார். கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்பப் போகும் பெண்கள் யார் என்று விசாரிக்கிறார். போன வாரம் இரண்டு பேர் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் மூன்று பேர் வேண்டும்.